எக்ஸ் என்பது நமக்குத் தெரியாத அந்த ஒரு எண்தான்

(மேல்மலை, கீழ்மலைக் குழுக்களின் கூட்டத்தில் உறுப்பினர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கமிருந்தும், கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமிருந்தும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். கூலியை விட்டு வந்தவர்களை வெறும் பேச்சோடு அனுப்பக் கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போக ஏதாவது இருக்கணும். அதனால் இன்று நாம் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். குழுக் கணக்கு மட்டுமல்ல, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற கணக்கும்தான். அதிலும் ஆறாம் வகுப்பில் வந்து சேர்கிற இயற்கணிதம், அதாவது அல்ஜீப்ரா.

"அது நமக்கு எதுக்குங்க?" என்று பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, நம் பெண் பிள்ளைகளின் படிப்பு. இன்னொன்று, நம் கையில் இருக்கிற பணம்.

பிள்ளை எங்கே நிற்கிறாள்?

நம் மலைக் கிராமங்களில் பல ஊர்களில் சின்னப் பள்ளிக்கூடம்தான் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி என்றால் பஸ் ஏற வேண்டும், இல்லாவிட்டால் விடுதியில் சேர்க்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவருகிறோம். ஒவ்வொரு பாடத்திலும் 100-க்கு 35 எடுத்தால் பாஸ். நாலு பாடத்தில் தேறி, கணக்கில் மட்டும் நின்றுவிட்டால் என்ன ஆகிறது? பையனாக இருந்தால், "மறுபடி எழுதட்டும்" என்கிறோம். பெண்ணாக இருந்தால், "சரி, தோட்டத்துக்கு வா" என்கிறோம். அடுத்த வருஷம் மாப்பிள்ளை பேச்சு வந்துவிடுகிறது.

பாஸ் ஆன பிள்ளைகளிலும் பலர் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு இல்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்கிறார்கள். ஆசைப்பட்டுச் சேர்ந்தால் நல்லது. பயந்து சேர்ந்தால், அன்றைக்கே பல படிப்புகளின் கதவு மூடிக்கொள்கிறது. கொடைக்கானலில் பெண்களுக்கென்றே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-லிருந்து இருக்கிறது. நமக்கு பஸ் தூரம்தான். ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கில் நின்றுபோன பிள்ளைக்கு அது எட்டாத தூரம்.

பயம் எங்கே ஆரம்பிக்கிறது? அஞ்சாம் வகுப்பு வரை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்று எண்ணோடு பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் எண் இருந்த இடத்தில் எழுத்தைப் பார்க்கிறாள். "எக்ஸ்னா என்ன?" என்று வீட்டில் வந்து கேட்கிறாள். நாம் என்ன சொல்கிறோம்? "நம்ம வீட்டுல யாருக்குமே கணக்கு வராது கண்ணு." இந்த ஒரு வாக்கியத்தை இன்றோடு நிறுத்த வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். மாதம் தவறாமல் சந்தா, கடன், வட்டி, அபராதம் எல்லாம் பார்க்கிற நமக்கா கணக்கு வராது?

எக்ஸ் யார்?

ஒரு குழுவில் 15 பேர். எல்லோரும் ஒரே அளவு சந்தா கட்டினார்கள். அபராதம் 50 ரூபாய் வந்தது. மொத்தம் 1,550 ரூபாய். சந்தா எவ்வளவு என்று எழுதிய இடத்தில் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. என்ன செய்வீர்கள்? 1,550-ல் 50-ஐ எடுத்துவிட்டு, 1,500-ஐ 15 பேருக்குப் பிரிப்பீர்கள். சந்தா 100 ரூபாய்.

பள்ளிக்கூடத்தில் இதையே "15 எக்ஸ் + 50 = 1,550" என்று எழுதுகிறார்கள். அழிந்துபோன அந்த எண்ணுக்கு வைத்த பெயர்தான் எக்ஸ். இந்த மாதிரி எழுதுவதற்குச் சமன்பாடு என்று பெயர். நீங்கள் இப்போது மனசுக்குள் செய்ததுதான் சமன்பாட்டைத் தீர்ப்பது.

பிள்ளைகள் "பக்கம் மாறினா குறி மாறும்" என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். ஏன் மாறுகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். தராசை வைத்துச் சொல்லிக்கொடுங்கள். ஒரு தட்டில் ஒரே எடையுள்ள 2 உருளைக்கிழங்கு மூட்டையும் ஒரு 5 கிலோ கல்லும் இருக்கின்றன. அடுத்த தட்டில் 85 கிலோவுக்குக் கல். தராசு சமமாக நிற்கிறது. இந்தத் தட்டில் 5 கிலோ எடுத்தால், அந்தத் தட்டிலும் 5 கிலோ எடுக்கணும். இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். இப்போது 2 மூட்டை 80 கிலோ. ஒரு மூட்டை 40 கிலோ. எந்த எண்ணும் பக்கம் தாண்டிப் போகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு எடுத்தோம், அவ்வளவுதான். தராசைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு இது மறக்காது.

மூட்டையும் கிலோவும்

பிள்ளைகள் அடிக்கடி தப்பு விடுகிற இடம் ஒன்று உண்டு. "3 எக்ஸ் + 2" என்று இருந்தால் "5 எக்ஸ்" என்று எழுதிவிடுவார்கள். நாம் இப்படிக் கேட்கலாம்: "மூணு மூட்டை கேரட்டும் ரெண்டு கிலோ கேரட்டும் சேர்ந்தா அஞ்சு மூட்டை ஆகுமா?" ஆகாது. மூட்டைக்கு 50 கிலோ என்றால் முதலில் சொன்னது 152 கிலோ, அஞ்சு மூட்டை 250 கிலோ. வியாபாரி இப்படிக் கணக்குப் போட்டால் விடுவோமா?

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எக்ஸ் என்பது மூட்டை அல்ல. ஒரு மூட்டையில் எத்தனை கிலோ என்கிற எண். எழுத்து எப்போதும் எண்ணுக்குத்தான் நிற்கும், பொருளுக்கு நிற்காது. இதைத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால் மேல் வகுப்பில் குழப்பம் வராது.

கடனும் மைனஸும்

அடுத்த பயம் மைனஸ் எண். "மைனஸைக் கழிச்சா எப்படி பிளஸ் ஆகும்?" என்று பிள்ளை கேட்பாள். நமக்கு இது பழக்கமான விஷயம்தான். கையில் இருப்பது பிளஸ், கொடுக்க வேண்டியது மைனஸ். ஒரு உறுப்பினருக்கு 500 ரூபாய் கடன். அவர் கணக்கு மைனஸ் 500. அந்தக் கடனைக் குழு தள்ளுபடி செய்தால், அதாவது மைனஸ் 500-ஐக் கழித்துவிட்டால், அவர் நிலைமை 500 ரூபாய் ஏறிவிட்டது. கடனைக் கழிப்பது வரவு வைப்பது மாதிரி.

இப்படி யோசிப்பது இன்று நேற்று வந்ததல்ல. கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் என்ற இந்தியக் கணித அறிஞர் பிளஸ் எண்ணைத் தனம் என்றும் மைனஸ் எண்ணைக் கடன் என்றும் சொல்லியே விதிகளை எழுதினார். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி என்பவர் எழுதிய புத்தகத்தின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல்லே வந்தது. அந்தப் புத்தகத்தை எதற்காக எழுதினார் தெரியுமா? பாகப்பிரிவினை, நிலம் அளப்பது, வியாபாரம் இதற்கெல்லாம் உதவட்டும் என்று. ஆக, அல்ஜீப்ரா வளர்ந்ததே வீட்டுக் கணக்கையும் சந்தைக் கணக்கையும் பார்த்துத்தான்.

சந்தையில் ஒரு சுருக்குவழி

பூம்பாறை பக்கத்துச் சகோதரிகள் பூண்டை வடுகபட்டிச் சந்தைக்குப் போடுகிறீர்கள். நம் கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காய்கறி ஒட்டன்சத்திரத்துக்குப் போகிறது. அங்கே வியாபாரி வாயாலேயே கணக்குச் சொல்லிவிடுகிறார். நாம் தாளைத் தேடுகிறோம்.

பீன்ஸ் 48 கிலோ, கிலோ 52 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 48 என்பது 50-க்கு 2 குறைவு, 52 என்பது 50-க்கு 2 கூட. 50-ஐ 50-ஆல் பெருக்கினால் 2,500. 2-ஐ 2-ஆல் பெருக்கினால் 4. 2,500-ல் 4 போனால் 2,496 ரூபாய். முடிந்தது. இதே வழியில் 19-ஐ 21-ஆல் பெருக்கினால் 400-ல் 1 போக 399. ஒரு எண்ணிலிருந்து ஒரே அளவு குறைந்ததையும் கூடியதையும் பெருக்கினால் எப்போதும் இப்படித்தான் வரும். எட்டாம் வகுப்புப் பிள்ளை முற்றொருமை என்று படிக்கிற சூத்திரங்களில் இதுவும் ஒன்று. தேர்வுக்காக மட்டும் படித்தால் அது பாரம். இப்படிச் சந்தையில் பயன்பட்டால் அது கைக்கருவி.

99 கிலோவை 35 ரூபாய்க்குப் போட்டால்? 100 கிலோவுக்கு 3,500. அதில் ஒரு கிலோவுக்கு 35-ஐக் குறைத்தால் 3,465. இதுவும் இயற்கணிதத்தில் வருகிற வழிதான்.

சுவரில் தொங்குகிற பாடப்புத்தகம்

சென்னை முத்தியால்பேட்டையில் பள்ளிக்கூடக் கணக்கு ஆசிரியராக இருந்தவர் பி.கே. சீனிவாசன் (1924–2005). கணித மேதை ராமானுஜனுக்காகச் சென்னை ராயபுரத்தில் 1993-ல் அருங்காட்சியகம் அமைத்தவரும் இவர்தான். எண்களில் இருக்கிற ஒழுங்கைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கணும், அந்த ஒழுங்கைச் சொல்வதற்கான மொழியாக இயற்கணிதம் தானே வந்து சேரணும் என்பது அவர் வழி. காலண்டரை மட்டுமே வைத்து ஒரு எண் விளையாட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

துணிக்கடையோ நகைக்கடையோ கொடுத்த மாதக் காலண்டர் நம் வீட்டுச் சுவரில் இருக்கும். அதில் சதுரமாக நாலு தேதியைச் சுற்றி வளைக்கச் சொல்லுங்கள். 5, 6, 12, 13 என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தேதிகள் என்று சொல்லக் கூடாது. கூட்டுத்தொகையை மட்டும் சொல்லணும். 36 என்கிறாள். நீங்கள் மனதில் 16-ஐக் கழியுங்கள், 20. நாலால் வகுத்தால் 5. "உன் முதல் தேதி 5" என்று சொல்லுங்கள். பிள்ளை ஆச்சரியப்படுவாள்.

இது மாயம் இல்லை. முதல் தேதி எக்ஸ் என்றால், மறுநாள் எக்ஸ் + 1. ஒரு வாரம் கழித்து எக்ஸ் + 7. அதற்கு மறுநாள் எக்ஸ் + 8. நாலையும் கூட்டினால் 4 எக்ஸ் + 16. அதனால்தான் 16-ஐக் கழித்து நாலால் வகுக்கிறோம். கிழமைகள் மேலிருந்து கீழே இருந்தாலும் சரி, இடமிருந்து வலம் இருந்தாலும் சரி, விடை மாறாது. ஒன்பது தேதியைச் சதுரமாக வளைத்தால், மொத்தம் நடுத் தேதியைப் போல 9 மடங்கு வரும். ஏன் என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

எந்த மாதம், எந்தத் தேதி என்றாலும் ஒரே விதி. ஒரு கணக்குக்கு விடை சொல்வது எண் கணக்கு. அந்த மாதிரி எல்லாக் கணக்குக்கும் சேர்த்து ஒரே வரியில் விடை சொல்வது இயற்கணிதம்.

நம் பணத்தைக் காப்பாற்றும் ஒரு வரி

இப்போது கையில் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத அக்காமார் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

10,000 ரூபாய் கடன். பத்து மாதத் தவணை. மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. மொத்தம் எவ்வளவு வட்டி கட்டுவோம்?

வெளியில் சில இடங்களில், "மாசம் 200, பத்து மாசத்துக்கு 2,000" என்பார்கள். இதைத்தான் பிளாட் வட்டி என்கிறோம். நம் குழுக்களில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். மாதம் 1,000 அசல் கட்டினால், முதல் மாதம் 200, அடுத்த மாதம் 180, பிறகு 160 என்று இறங்கி, கடைசி மாதம் 20 ரூபாய் வட்டி.

இந்தப் பத்து எண்ணையும் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றாகக் கூட்டாமல் முதலையும் கடைசியையும் ஜோடி சேருங்கள். 200-ம் 20-ம் 220. 180-ம் 40-ம் 220. 160-ம் 60-ம் 220. இப்படி அஞ்சு ஜோடி. மொத்தம் 1,100 ரூபாய். பிளாட் முறையில் 2,000. இரண்டு பேரும் சொன்னது "2 ரூபாய் வட்டி"தான். ஆனால் 900 ரூபாய் வித்தியாசம். அந்தப் பிளாட் கடனில் மாதம் 1,200 கட்டுகிறவர், உண்மையில் மாதம் ஏறத்தாழ மூன்றரை ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்.

எந்தக் கடனுக்கும் பொருந்துகிற விதி இது: தவணை மாதங்களோடு 1-ஐக் கூட்டுங்கள். பாதியாக்குங்கள். முதல் மாத வட்டியால் பெருக்குங்கள். மாதாமாதம் அசலைச் சமமாகக் கட்டினால், அசல் குறையும் முறையில் மொத்த வட்டி அதுதான். பத்து மாதத்துக்கு 11-ல் பாதி ஐந்தரை, ஐந்தரை தடவை 200 என்றால் 1,100. சரியாக இருக்கிறதா? இப்போது 20,000 ரூபாய், 20 மாதம், அதே வட்டி. முதல் மாத வட்டி 400. 21-ல் பாதி பத்தரை. மொத்தம் 4,200. பிளாட் என்றால் 8,000. வித்தியாசம் 3,800 ரூபாய். ஒரு பிள்ளையின் விடுதிச் செலவுக்கு ஆகுமே!

மைக்ரோ பைனான்ஸ் கடன் கொடுப்பவர்கள் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த விவரத்தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிமுறைகள் சொல்கின்றன. தமிழில் கேட்டு வாங்குங்கள். வாங்கியபின் இந்த ஒரு வரியை வைத்துச் சரிபாருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் போடுகிற கணக்குதான் கணக்கு.

நம் மலையிலேயே ஒரு சாட்சி

கொடைக்கானல் வானாய்வுக்கூடத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1899-ல் அமைந்தது. அங்கே 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். சூரியனுக்கு யாரும் போய் வேகத்தை அளக்க முடியாது. ஒளியில் ஏற்பட்ட சின்ன மாற்றத்தை அளந்து, தெரிந்த எண்ணிலிருந்து தெரியாத வேகத்தைக் கணக்கிட்டார்கள். அதுவும் ஒரு சமன்பாடுதான். சந்தாவைக் கண்டுபிடித்தோமே, அதே வழி.

அவருடைய மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியல் ஆய்வாளர். சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளைப் பற்றி நம் மலையில் இருந்தபடியே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அது நடந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நம் மலையில் ஒரு பெண் அன்றைக்கே இந்த வேலையைச் செய்திருக்கும்போது, நம் பிள்ளைகள் ஏன் எக்ஸைப் பார்த்துப் பயப்படணும்?

என்ன செய்யலாம்?

முதலாவதாக, "நமக்குக் கணக்கு வராது" என்ற பேச்சு நம் வீட்டில் இனி வேண்டாம்.

இரண்டாவதாக, தினமும் பத்து நிமிஷம் பிள்ளையை ஒரு கணக்கை வாய்விட்டு விளக்கச் சொல்லுங்கள். நமக்கு விடை தெரிய வேண்டியதில்லை. "ஏன் அப்படி?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். விளக்குகிற பிள்ளைதான் புரிந்துகொள்வாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம்.

மூன்றாவதாக, மாதக் கூட்டத்தில் வட்டி கணக்குப் போடும்போது ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பெண் பிள்ளைகளை உட்கார வையுங்கள். அவர்கள் ஒரு தடவை போடட்டும், கணக்காளர் ஒரு தடவை போடட்டும். இரண்டும் ஒத்துவந்தால் குழுக் கணக்கும் சுத்தம், பிள்ளைக்கும் தைரியம்.

நான்காவதாக, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அங்கே கேளுங்கள், தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானம் எழுதுவது நமக்குப் புதுசா என்ன?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்கள் வெளியில் வாங்கிய கடன் ஒன்றை எடுத்து, இன்று கற்ற விதியில் வட்டி போட்டுக் கொண்டுவாருங்கள். பெயர் வேண்டாம். தொகை, மாதம், வட்டி மூன்றும் போதும். சேர்ந்து பார்ப்போம்.